விடுமுறையில் தோட்ட வேலை: போகலாமா, வேண்டாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 17 வயது. பள்ளித் தேர்வு முடிந்துவிட்டது. கல்லூரி தொடங்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் ஒரு குழுவில் ஆள் கேட்கிறார்கள். ஒரு கடையில் பில் போடும் வேலையும் கிடைக்கும் போலிருக்கிறது. எனக்குத் தோட்ட வேலைதான் பிடித்திருக்கிறது. ஆனால் இதுவரை ஒரு செடிகூட நட்டதில்லை. "வெயிலில் மண் சுமக்கத்தான் இவ்வளவு படித்தாயா?" என்று அம்மா கேட்கிறார். என் உடம்பு தாங்குமா? இதனால் பின்னால் ஏதாவது பயன் உண்டா? சேருவதற்கு முன் நான் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: போங்கள் தம்பி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் வயதில் ஒரு விடுமுறையை மண்ணோடு கழிப்பது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்று. இதே வேலை ஒரு குழுவில் பாடமாக இருக்கும், இன்னொரு குழுவில் ஆபத்தாக முடியும். எல்லாம் குழுவை நடத்தும் மேஸ்திரியைப் பொறுத்தது. அதனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யாரிடம் வேலை என்று விசாரியுங்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த விசாரணைக்கு உதவத்தான்.

முதலில் உடம்பு. அம்மாவின் பயத்தில் பாதி முழுக்க நியாயமானது. வெயிலில் உழைத்துப் பழகாத உடம்பு அதற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும்: வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். இந்த மாற்றம் நடக்கும் முன்பே முழு நாள் வேலையை ஏற்றினால்தான் விபரீதம். வெளியில் உழைப்பவர்கள் வெப்பத்தால் இறந்த நிகழ்வுகளை ஆராய்ந்தால், பெரும்பாலானவை வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புதிய ஆளுக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரம்தான் வேலை. பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் முதல் நாள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி நேரத்தில் நிழலில் தொட்டிக்கு மண் கலக்கலாம், கருவிகளைத் துடைத்துத் தீட்டலாம். செய்ய நிழலிலும் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

மேஸ்திரியிடம் இதைக் கேளுங்கள்: "முதல் வாரம் எனக்கு எப்படி வேலை தருவீர்கள்?" 'எல்லாரையும்போலத்தான்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். 'காலையில் கொஞ்ச நேரம் வெளியில் நில், பிறகு பார்க்கலாம்' என்றால் அவருக்குத் தொழில் தெரியும்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை தள்ளிப்போடக் கூடாது. கடும் வெயிலில் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் கணக்கில் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் சரியில்லை. மணிக்கணக்கில் வியர்த்தால் உப்பும் சேர்த்து உள்ளே போக வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். கூட வேலை செய்பவர் குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் எதையாவது செய்தாலோ, மயங்கினாலோ அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, குளிர்விக்க வேண்டும். தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இளைஞர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, 'முடியவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுவது. பெரியவர்கள் நிற்கும்போது நாம் உட்காரலாமா என்று தயங்குவார்கள். அவர்களின் உடம்பு பழகிய உடம்பு, உங்களுடையது பழகாதது. இதில் வீரத்துக்கு இடமே இல்லை. தயங்காமல் உட்காருங்கள்.

முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, காலை மூடும் கெட்டியான ஷூ. செருப்போடு மண்வெட்டியைத் தொடவே கூடாது. டெட்டனஸ் கிருமி மண்ணில்தான் வாழ்கிறது. தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் சேருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வேலை என்ன என்று உண்மையாகத் தெரிந்துகொண்டு போவது. தோட்டம் என்றதும் பூவும் செடியும் கண்ணில் வரும். உண்மையில் முதல் மாதம் முழுக்கச் சுமப்பதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 20 சதுர மீட்டர் பாத்திக்கு ஏழரை சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடும் போர்வை, போட வேண்டும் என்றால் ஒன்றரை கன மீட்டர் மரத்தூளோ சருகோ வேண்டும். ஒரு தள்ளுவண்டி சுமார் 75 லிட்டர் கொள்ளும். ஆக, 20 நடை. அதுவே ஈர மண்ணாக இருந்தால் ஒரு வண்டி மண் 100 கிலோவைத் தாண்டும். வண்டியில் பாரத்தைச் சக்கரத்தின் பக்கமாக முன்னால் ஏற்றினால் சக்கரம் சுமக்கும். கைப்பிடியின் பக்கம் ஏற்றினால் உங்கள் இடுப்பு சுமக்கும். மண்ணை வாரி வீசும்போது இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்து உடம்போடு திரும்புங்கள். வலது இடது என்று கையை மாற்றி மாற்றி வெட்டுங்கள். ஒருவர் வசதியான நிலையில் தூக்குவதற்கே 23 கிலோவைத்தான் நியோஷ் மேல் வரம்பாக வைத்திருக்கிறது. குனிந்தோ கையை நீட்டியோ தூக்கும்போது அந்த அளவும் குறையும். பெரிய தொட்டியைக் கண்டதும் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது இயந்திரங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். அபாயகரமான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் வருஷத்து 138ஆவது உடன்படிக்கை சொல்கிறது. எது அபாயகரமானது என்று ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் பட்டியல் வைத்திருக்கும். உங்களுக்குப் பொருந்துவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் எப்படி இருந்தாலும் சரி, உங்கள் வயதில் மரம் அறுக்கும் செயின்சா, கிளைகளை அரைத்துத் தள்ளும் இயந்திரம், உயரமான மரத்தில் ஏறுவது, பூச்சிமருந்து தெளிப்பது, இந்த நான்கையும் நான் தரமாட்டேன். நல்ல மேஸ்திரி யாரும் தரமாட்டார்.

புல்வெட்டி பரவாயில்லை, சொல்லிக்கொடுத்த பிறகு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டிக்கு 12 வயதும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கு 16 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வயது மட்டும் போதாது. புல்வெட்டிக் கத்தியின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. அதில் மாட்டும் சிறு கல் எங்கே, யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. அதனால் இயந்திரத்தைக் கிளப்புமுன் புல்தரை முழுக்க நடந்து கல், குச்சி, கம்பியைப் பொறுக்கிவிட வேண்டும். அடியில் புல் அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, கத்தி முழுதாக நின்ற பிறகு, பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி வண்டியானால் பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் எடுக்க வேண்டும். கையை உள்ளே விடும் பழக்கமே வரக் கூடாது. சரிவில் வெட்டும்போது தள்ளும் புல்வெட்டியைக் குறுக்குவாட்டில் கொண்டுபோக வேண்டும். மேலும் கீழுமாகப் போனால், சறுக்கும்போது கால் கத்திக்கு அடியில் போய்விடும்.

காதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பெட்ரோல் புல்வெட்டியின் சத்தம் 90 டெசிபலைச் சுற்றி இருக்கும், அதாவது இரண்டரை மணி நேரத்திலேயே எல்லை முடிந்துவிடும். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை போன கேட்கும் திறன் திரும்பி வராது.

சரி, பயமுறுத்தியது போதும். நீங்கள் கேட்ட பயனுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நடைபாதை போடும் குழுவில் முதல் நாள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவார்கள். மூலை சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 மீட்டரில் ஒரு குறி, மற்ற நூலில் 4 மீட்டரில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே டேப் வைத்து, சரியாக 5 மீட்டர் வரும்வரை ஒரு முளையைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். வந்துவிட்டால் மூலை சரியாக 90 டிகிரி. பள்ளியில் தேர்வுக்காகப் படித்த பிதாகரஸ் தேற்றம் அது. அதை மண்ணில் நூல் பிடித்துச் செய்து பார்த்த பிள்ளைக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. அடுத்து வாட்டம். கட்டடத்தை விட்டுத் தண்ணீர் விலகி ஓட மீட்டருக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுப்பார்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் முதல் மழையில் தண்ணீர் சுவரோரம் தேங்கும். அப்புறம் அடியில் ஜல்லி. நடைபாதைக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஜல்லியை மொத்தமாகக் கொட்டி மேலே தட்டினால் மேற்பகுதி மட்டும் இறுகும், அடி தொளதொளவென்றே இருக்கும். அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் மணல், மேலே கல். நாளைக்கு நீங்கள் சிவில் படித்தாலும் கட்டடக்கலை படித்தாலும், வகுப்பில் 'அடித்தளம்' என்று சொல்லும்போது உங்கள் உள்ளங்கைக்கே அதன் கனம் தெரிந்திருக்கும்.

மரக்கன்று நடுவதைப் பாருங்கள். எளிதாகத் தெரியும், ஆனால் தப்பு நடப்பது இங்கேதான் அதிகம். குழி அகலமாக இருக்க வேண்டும், வேர்க்கட்டு, அதாவது கன்றின் வேரும் அதோடு ஒட்டிய மண்ணும், எவ்வளவு அகலமோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆழம் மட்டும் வேர்க்கட்டின் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் போகக் கூடாது. மண்வெட்டிக் காம்பைக் குழியின் குறுக்கே வைத்து அளந்து பாருங்கள். தண்டு அடியில் விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைப் புதைத்துவிட்டால் வேருக்குக் காற்று போதாது, தண்டின் பட்டை ஈரத்தில் அழுகும். இதில் கொடுமை என்னவென்றால் மரம் உடனே சாகாது. சில வருஷம் கழித்து, நட்டவர் யார் என்றே எல்லாரும் மறந்த பிறகு, காரணம் தெரியாமல் பட்டுப்போகும். தொட்டியில் நாளாக இருந்த கன்று என்றால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அதை அப்படியே நட்டால் வேர் தடிக்கத் தடிக்கத் தண்டையே இறுக்கும். சுற்றிய வேரை வெட்டிப் பிரித்துவிட்டு நட வேண்டும். மூடாக்கு ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர். தண்டில் படாமல் தள்ளிப் போட வேண்டும். தண்டைச் சுற்றிக் கோபுரமாகக் குவிப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

கவாத்து, அதாவது மரத்தின் கிளைகளை வெட்டிச் சீராக்குவது, நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கத்தியை உங்களிடம் தராவிட்டாலும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகத் தடித்த ஒரு வளையம் இருக்கும். வெட்டு அந்த வளையத்துக்கு வெளியே ஒட்டி விழ வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் புண் பெரிதாகிவிடும், நீட்டிவிட்டால் மிஞ்சிய கட்டை காய்ந்து அழுகல் உள்ளே போகும். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து இதை நிறுவினார். மனிதத் தோலைப்போல் மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியை உள்ளே அடைத்து மூடிவிட்டு, அதன்மேல் புதிய மரத்தை வளர்க்கிறது. வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்றும் அவர் காட்டினார். இன்றும் பூசுகிறார்கள். மேஸ்திரி பூசச் சொன்னால் பூசிவிடுங்கள், முதல் வாரத்திலேயே வாதம் வேண்டாம். பிறகு ஓய்வாக இருக்கும்போது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் அவரைப் பற்றி நிறையத் தெரியும்.

கடை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதர்களிடம் பொறுமையாகப் பேசவும் கணக்கில் கவனமாக இருக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு, ஆஸ்துமா, தேனீ குளவி கொட்டினால் கடுமையான ஒவ்வாமை, இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். கடையே நல்லது என்று அவர் சொன்னால் கடைக்கே போங்கள்.

சேருமுன் கேட்க வேண்டியவற்றை ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டேன். மீதி இவை. வேலை நேரம் எத்தனை மணி, சம்பளம் வாரத்துக்கா மாதத்துக்கா, மழையால் வேலை நின்ற நாளுக்கு என்ன கணக்கு? கையுறை, கண்ணாடி, காதடைப்பான் அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுவர வேண்டுமா? அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா? வேலை இடத்துக்கு எப்படிப் போவோம்? கருவிகளோடு வண்டியின் பின்தட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோவதாக இருந்தால் அந்தக் குழுவே வேண்டாம். தோண்டுமுன் அடியில் மின்கேபிள், எரிவாயுக் குழாய் இருக்கிறதா என்று யார் விசாரிப்பார்கள்? கடைசிக் கேள்வியைப் புதிதாக வரும் பையன் கேட்பது சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். தெரியட்டும். கடப்பாரையைப் பிடித்திருப்பது உங்கள் கை. பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வரியானாலும் போதும்.

அம்மாவுக்கு வருகிறேன். "மண் சுமக்கத்தான் படித்தாயா?" என்ற கேள்வி எனக்கு வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் மேல் கோபமில்லை. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்ற நினைப்பில் வந்த வார்த்தை அது. படிப்பும் மண்ணும் எதிரெதிர் என்ற எண்ணத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டங்கள் பலவற்றை வடிவமைத்த லான்சலாட் பிரவுன், 18ஆம் நூற்றாண்டில் பள்ளிப் படிப்பை முடித்ததும் ஒரு பண்ணை மாளிகையின் தோட்டத்தில் வேலை கற்கும் பையனாகச் சேர்ந்தவர்தான். நீங்கள் அவரைப்போல் இதிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லூரிக்குப் போங்கள். ஆனால் அம்மாவிடம் வாதாடாதீர்கள். சேருவதற்கு முன் அவரை மேஸ்திரியிடம் பேச வையுங்கள். தண்ணீர், நிழல், இயந்திரம் பற்றி அவரே கேட்கட்டும். அம்மாவுக்கு நிம்மதி தரும்படி பதில் சொல்லத் தெரிந்த மேஸ்திரி உங்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் மாலையில் அன்று தொட்ட செடிகளின் பெயரை எழுதுங்கள். ஊரில் வழங்கும் பெயரும் தாவரவியல் பெயரும், வெயில் வேண்டுமா நிழல் வேண்டுமா என்பதும் போதும். பயன்படுத்திய கருவி, போட்ட அளவு இவற்றையும் குறித்துவையுங்கள். விடுமுறை முடியும்போது என்னென்ன வேலை செய்தீர்கள் என்று மேஸ்திரியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அடுத்த வருஷமும் வருவதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்த ஆளுக்குச் சம்பளமும் கூடும், அந்த வருஷம் உங்களுக்கு 18 வயதும் ஆகியிருக்கும்.